வடக்கே தள்ளிய கோடு

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருடைய போனில் எந்தக் கோளாறும் இருக்காது. முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் செல்போன் ரிப்பேர் கடை அது. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் படியில் இறங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு, டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு, உடனே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

"அது எங்க போவுதாம்?"

அது என்றால் புயல். பல சமயம் அது இன்னும் புயலாகக்கூட ஆகியிருக்காது. அந்தமான் பக்கம் எங்கோ மேகம் கூடியிருக்கும், டிவியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு வானிலை அறிக்கை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நேற்றுவரை கிரிக்கெட் பேசியவன் இன்று மேலடுக்குச் சுழற்சி பேசுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போனில் புயல் போகும் பாதையின் படத்தைத் திறந்து காட்டுவேன். ஐரோப்பாக்காரன் ஒரு கோடு போட்டிருப்பான், அமெரிக்காக்காரன் வேறொரு கோடு போட்டிருப்பான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வருவார். "முசியே, சிக்லோன் எங்கே?" என்பார். பாரிசில் இருக்கும் மகள் காலையிலேயே போன் செய்து, ஜன்னலை எல்லாம் மூடச் சொல்லிவிட்டாளாம். அங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு அவளும் இதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படத்தைக் காட்டியதும் எல்லோரும் ஒரே காரியம் செய்வார்கள். இதை நான் வெகுகாலமாகக் கவனித்திருக்கிறேன். புதுச்சேரி எங்கே என்று தேடி அதன்மேல் விரலை வைப்பார்கள். பிறகு அந்த விரல் தானாக மேலே நகரும். "இப்படிப் போயிடுமா?" தெற்கே யாரும் தள்ள மாட்டார்கள். தெற்கே கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர். மெட்ராசையும் தாண்டி வடக்கே தள்ளிவிட்டால் அங்கே இருப்பவர்கள் பேசும் பேச்சு நமக்குப் புரியாது. அழுதாலும் காதில் விழாது.

வைத்திக்குப்பத்திலிருந்து என் அக்கா மட்டும் வேறு மாதிரி கேட்பாள். சாயங்காலம் மீன் விற்று முடித்துக் கையை அலம்பிக்கொண்டு வருவாள். கோடு கரையைத் தொடுகிற இடத்தைப் பெரிதாக்கச் சொல்வாள். அங்கே என்னென்ன ஊர் இருக்கிறது என்று படிக்கச் சொல்வாள். இங்கிலீஷில் எழுதியிருக்கும் தெலுங்கு ஊர்ப் பெயர்களை நான் தப்பும் தவறுமாகப் படிப்பேன். அவள் விரலை நீட்டவே மாட்டாள். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சரி, கடையப் பாரு" என்று போய்விடுவாள்.

அவள் விரலும் ஒரு காலத்தில் அந்தப் படத்தில் பட்டதுதான்.

மாமாவுக்காகத்தான், அதாவது அக்காவின் புருஷனுக்காகத்தான், நான் இந்தப் படங்களைப் பார்க்கவே பழகினேன். எங்கள் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். எனக்குப் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். மாமா என்னைக் கேலி செய்தே கொன்றுவிடுவார். "மாப்ளைக்கு நெலத்துலயே தல சுத்துது" என்பார். ஆனால் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விசைப்படகு எடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். "மாப்ள, உன் படம் என்னா சொல்லுது?" அவர் படகின் டிரைவர். கூட வருகிறவர்களின் உயிர் அவர் கையில். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் குரலில் கேலி இருக்காது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து, வெடிக் காகிதம் இன்னும் சாக்கடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமாவின் படகு தங்கலுக்குப் போயிருந்தது. நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழில் அது. அவர்கள் கிளம்பும்போது கடலில் ஒன்றுமே இல்லை. ஆந்திரக் கரைக்கு அப்பால் இருந்தபோதுதான் எச்சரிக்கை வந்தது. தெற்கே திரும்பினால் புயலின் வாய்க்குள் வந்து விழ வேண்டும். அதனால் மாமா அங்கேயே ஒரு ஆற்று முகத்துவாரத்துக்குள் படகை விட்டுவிட்டார். போன் சிக்னல் கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நாங்க உள்ள பூந்துட்டோம் மாப்ள. இங்க தண்ணி கொளம் மாதிரி கெடக்குது. உங்களுக்குத்தான் வருதாம். உங்கக்காவையும் எங்கம்மாவையும் கூட்டிக்கினு போயி உன் வூட்ல வெச்சிக்க."

அன்று மத்தியானம் கோடு நேராகப் புதுச்சேரிமேல் வந்து நின்றது. ஐரோப்பாக்காரனும் அமெரிக்காக்காரனும் அபூர்வமாக ஒத்துப்போயிருந்தார்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. குப்பத்தில் ஃபைபர் படகுகளை ரோடு வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா மூச்சு வாங்கக் கடைக்கு வந்தாள்.

"இங்கயேவாடா வருது?"

"நேரா நம்ம தலையிலதான்கா. இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் போயிட்டா போதும், தப்பிச்சிடுவோம்."

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அவள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். மீன் வாடை அடிக்கும் விரலைத் திரைமேல் வைத்து, மெதுவாக மேலே தள்ளினாள். மாமாவின் படகு நின்ற முகத்துவாரமும் அதே படத்தில்தான் இருந்தது. அவள் நகத்துக்குச் சற்று மேலே. எங்கள் இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை. இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் கடலில் இருக்கிற ஆளை நினைத்துப் பயப்படத்தான் தெரியும். கரை சேர்ந்துவிட்டான் என்று தகவல் வந்ததும் அவனைக் கவலையிலிருந்து எடுத்துவிடுவோம். மாமா கரை சேர்ந்துவிட்டார். இனி எங்களுக்குக் குப்பம் இருந்தது, வீடு இருந்தது, வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அவருடைய அம்மா இருந்தாள்.

அக்கா என் கடையிலிருந்து நேராகக் குப்பத்து அம்மன் கோவிலுக்குப் போனாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டாள். எங்க கரையத் தொடாம வடக்க அனுப்பிடு தாயே, பால்குடம் எடுக்கிறேன். அன்று அந்தக் கோவிலில் அதையே வேண்டிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அவள் சத்தமாக வேண்டினாள் என்பதால் அவளுடைய வேண்டுதல் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் கோடு நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை புதுப் படம் வரும்போதும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே. நான் அக்காவுக்கு போன் போட்டு, "போயிடுச்சிக்கா, வடக்க போயிடுச்சி" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. குப்பத்தில் மீதியிருந்த சரவெடியை யாரோ கொளுத்தினார்களாம். போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது.

விடிந்ததும் மாமாவின் போன் அடிக்கவே இல்லை. வடக்கே டவர் எல்லாம் விழுந்திருக்கும் என்று நானே அக்காவுக்குச் சமாதானம் சொன்னேன். கடைசியில் அதே படகில் போன ஒருவர் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். எல்லோரும் முன்னாலேயே இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏற ஏறப் படகின் கயிறு இழுத்துக்கொண்டு நின்றதாம். தளர்த்திவிட்டு வருகிறேன் என்று மாமா போயிருக்கிறார். போகாதே என்று கையைப் பிடித்தார்களாம். படகு கவிழ்ந்து கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அவரைக் கண்டுபிடிக்கவில்லை.

நானும் இன்னும் சிலரும் போய்த் தேடினோம். அந்த ஊர்ப் பெண்கள் எங்களிடம் என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அழுதது புரிந்தது. திரும்பி வந்து மாமாவின் சட்டை ஒன்றை வைத்துக் காரியம் செய்தோம். தீபாவளிக்கு எடுத்த சட்டை. மடிப்புகூடக் கலையாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த மஞ்சள் முடிச்சு வீட்டில் பேச்சாக ஆரம்பித்தது. அக்கா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். முதல் வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு புயல் சின்னம் உருவானதும், குப்பத்துப் பெண்கள் ஜாடையாகப் பேசினார்கள். அதற்கு அடுத்த தடவை ஜாடையெல்லாம் இல்லை. கேட்டதை வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாமல் இருக்கிறாள், அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அம்மன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள் என்று பேச்சு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னவள் மாமாவைப் பெற்ற தாய். அவளிடம் நான் எப்படிக் கோபப்படுவது? வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அத்தை, நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"நான் புள்ளையக் குடுத்தவ தம்பி. எனக்கு இல்லாத வவுத்தெரிச்சலா? ஆனா அவ கேட்டா, ஆத்தா குடுத்தா. குடுக்கலன்னு சொல்ல முடியுமா?"

அக்கா அடுப்படியில் இருந்தபடியே பதில் சொன்னாள். "பால்கொடம் எடுத்துக்கினு போயி என்னான்னு சொல்றது? ரொம்ப சந்தோஷம் தாயே, என் புருஷன எடுத்துக்கினியேன்னா?"

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் அக்காவைக் கடையில் உட்காரவைத்து விஞ்ஞானம் பேசினேன். மேலே ஒரு பெரிய காற்று இருக்கிறது, புயல் தன்னிஷ்டத்துக்குப் போவதில்லை, அந்தக் காற்றுதான் தள்ளுகிறது, நாம் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் அது அங்கேதான் போயிருக்கும் என்று படம் போட்டே சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அம்மன் ஒண்ணுமே பண்ணலன்றியா?"

"ஆமாக்கா."

"சரி. நான் கேட்டது?"

எனக்கு விளங்கவில்லை.

"அது போனது காத்தால போச்சி. நான் கேட்டது கேட்டதுதானே? வேற எவளோ ஒருத்தி வூட்டுக்குப் போன்னு வாயத் தொறந்து கேட்டேன். அது என் வூட்டுக்கே போச்சி."

நான் படத்தை மூடிவைத்தேன். அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும் எனக்குப் பயமாகவே இருக்கிறது. புயலைப் பார்த்து இல்லை. கோட்டைப் பார்த்து. கடையில் தனியாக இருக்கும்போது புதுப் படம் திறக்கும் வட்டம் சுற்றுகிற அந்த நேரத்தில், "மாப்ள, உன் படம் என்னா சொல்லுது?" என்று காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. கேலி இல்லாத குரல். திரும்பிப் பார்த்தால் பழைய போன்களின் கருத்த கண்ணாடியில் என் முகம்தான் வரிசையாகத் தெரியும். அந்த முகத்துவாரம் இருக்கும் இடத்தை நான் திரையில் பெரிதாக்குவதே இல்லை. அக்கா கேட்டால்தான்.

போன மழைக்காலத்தில் மறுபடியும் ஒன்று உருவானது. முதலில் இலங்கைப் பக்கம் என்றார்கள், பிறகு மெட்ராஸ் என்றார்கள், பிறகு வழியில் நின்று யோசிப்பதுபோல் அது ஒரே இடத்தில் கிடந்தது. ஒரு மத்தியானம் கோடுகள் எல்லாம் சேர்ந்து புதுச்சேரிமேல் விழுந்தன. கடை வாசலில் கூட்டம். பென்ஷன் பெரியவர்கூட முசியே என்று கூப்பிடவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக வந்து மேலே தள்ளிவிட்டுப் போயின. கண்ணாடி முழுக்க எண்ணெய்க் கறை.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா வந்தாள்.

"எங்க?"

"நமக்குத்தான்கா."

ஊர்ப் பெயர் படிக்கச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "சரி" என்றாள். முகத்தில் ஒரு அமைதி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கோவில் பக்கம் திரும்பி நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவளையும் அவள் மாமியாரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கக்கா கோவிலுக்குப் போயி வேண்டிக்கினா தம்பி. பால்கொடம் எடுக்கறேன்னு ஒத்துக்கினா. இனிமே ஒண்ணும் வராது" என்றாள். கிழவிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

மறுநாள் பகலிலேயே அது வந்தது. எங்கும் திரும்பவில்லை. காலையிலிருந்து காற்று ஏறிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குமேல் தெருவில் தகரம் உருண்டு போகிற சத்தமும், எங்கோ கண்ணாடி உடைகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்பது நின்று, எல்லாம் ஒரே ஓலமாகிவிட்டது. என் மனைவி மெழுகுவர்த்தியைத் தேடினாள். மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டு அம்மனைத் திட்டிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் இருந்தாள். அக்கா மட்டும் கதவைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் கழித்து வருகிற விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது அவள் இருப்பு. நான் அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

அடங்கியதும் குப்பத்துக்குப் போனோம். ஆள்சேதம் இல்லை. எல்லோரும் முன்னாலேயே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். மற்றபடி பார்க்கச் சகிக்கவில்லை. ஃபைபர் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்றின்மேல் தென்னைமரம் விழுந்து இரண்டாகப் பிளந்திருந்தது. வலைகள் கம்பத்தில் சுற்றிக்கொண்டு தொங்கின. அக்கா வீட்டுக் கூரை ஷீட் ஒன்றுகூட இல்லை. உள்ளே முழங்கால் அளவு மணலும் தண்ணீரும். படகு உடைந்தவர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றுவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பால்குடம் எடுத்தாள். மேளம் வைக்கவில்லை. மஞ்சள் புடவை, தலையில் குடம், உடைந்த படகுகளுக்கு நடுவில் வழி பார்த்துப் பார்த்து நடந்தாள். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் கூடவே போனார்கள். இத்தனை அடித்தும் ஒரு உயிர்கூடப் போகவில்லை, பழைய கடன் தீர்ந்ததால்தான் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். படகைப் பறிகொடுத்தவனின் மனைவி அக்காவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். மாமியார், "தீந்துச்சிடி, தீந்துச்சி" என்று அழுதுகொண்டே பின்னால் வந்தாள். எனக்கும் மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தாள். நெற்றியில் மஞ்சள் இன்னும் காயவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெளுத்துப் போய், ஓரம் நைந்திருந்தது.

"இது பழசாச்சே. இத கோவில்ல சேக்கலியா?"

"இன்னைக்கு எடுத்தது புதுசுக்குடா. அன்னைக்கு வேற ஒண்ணு முடிஞ்சேன்."

"என்னான்னு?"

கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"யார் வூட்டுக்கும் தள்ளாத, இங்கயே வந்துட்டுப் போன்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். காலையில் அவள் காலில் தண்ணீர் ஊற்றியவளின் முகம் ஞாபகம் வந்தது. காற்று, அழுத்தம் என்று அவளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அவள் கேட்டதற்கும் புயல் வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"படகு ஒடைஞ்சவன் வந்து கேட்டா என்னா சொல்லுவ?"

"அதான் உங்கிட்ட மட்டும் சொல்றேன்." முடிச்சை என் பக்கம் நகர்த்தினாள். "இத நீ வெச்சிக்க. இன்னும் கொஞ்சம் மேல போனா போதும்னு நீதானே சொன்ன."

தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "என்மேல கோவமாக்கா?"

"கோவம் இல்லடா." அவள் எழுந்து புடவையை உதறினாள். "இத்தினி வருஷம் ஒத்தையாவே தூக்கிக்கினு இருந்தேன்."

அந்த முடிச்சு இப்போது என் மேஜை டிராயரில், ஸ்குரூ டிரைவர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவிழ்க்கவும் மனமில்லை, கோவிலில் சேர்க்கவும் மனமில்லை. அந்தமான் பக்கம் மறுபடியும் மேகம் கூடியிருக்கிறது என்றார்கள். இன்று காலை பென்ஷன் பெரியவர் வந்து படத்தைப் பார்த்தார். வழக்கம்போல் புதுச்சேரியைத் தேடி விரலை வைத்தார். அந்த விரல் மேலே நகர்வதற்குள் நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.